கரையை உயர்த்துவதா, வடிகாலைத் தூர்வாருவதா? கடைமடை கிராமங்கள் எதை முதலில் கேட்பது?

கேள்வி: "எங்கள் ஊர் கொள்ளிடக் கரையோரம், கடலுக்குச் சில மைல் மேற்கே இருக்கிறது. 2022-ம் ஆண்டில் மட்டும் இரண்டு முறை வெள்ளம் பார்த்தோம். அடுத்த கிராம சபையில் வெள்ளத் தடுப்புக்கு ஒரு தீர்மானம் போட வேண்டும். ஆற்றுக்கரையை உயர்த்தச் சொல்கிறார்கள் ஒரு சாரார். வடிகாலைத் தூர்வாரினால் போதும் என்கிறார்கள் இன்னொரு சாரார். பண்ணைக்குட்டை வெட்டலாம் என்றும் ஒரு யோசனை. படுகையில் குடியிருக்கும் முப்பது குடும்பங்களை மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சும் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் பணம் கிடைக்காது. எதை முதலில் கேட்பது?"

- வாசகர், கொள்ளிடம் ஒன்றியம், மயிலாடுதுறை மாவட்டம்.

பதில்: கடைமடை கிராமங்கள் பலவற்றில் இதே வாக்குவாதம் நடக்கிறது. ஒவ்வொருவரும் தன் வயலுக்கும் வீட்டுக்கும் வந்த தண்ணீரை வைத்துப் பேசுகிறார்கள். எல்லோர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வந்தது எந்தத் தண்ணீர் என்று பிரித்துப் பார்க்காமல் வேலையைத் தேர்ந்தெடுத்தால், செலவழித்த பணமே அடுத்த வெள்ளத்துக்குக் காரணமாகிவிடும்.

ஒரே ஆண்டில் இரண்டு வெள்ளம்

2022 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது கடைமடையில் பெரிய மழை கிடையாது. கர்நாடகத்திலும் கேரளத்தின் வயநாட்டிலும் பெய்த தென்மேற்குப் பருவமழையால் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பின. மேட்டூரும் நிரம்பி வழிந்தது. அந்த உபரி நீர் முக்கொம்பில் கொள்ளிடத்தில் திருப்பிவிடப்பட்டது. நொடிக்கு 2 லட்சம் கனஅடி அளவில் ஓடிய நீர் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் போன்ற படுகை கிராமங்களைச் சூழ்ந்தது. கரைக்கு வெளியே இருந்த வயல்கள் பெரும்பாலும் தப்பித்தன.

அதே ஆண்டு நவம்பர் 11-ம் தேதி நடந்தது வேறு. சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. இந்த முறை தண்ணீர் ஆற்றிலிருந்து வரவில்லை. வானத்திலிருந்து நேராக வயலில் விழுந்து, வெளியேற வழியில்லாமல் நின்றது. சம்பா, தாளடிப் பயிர்கள் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தன.

முதல் வெள்ளத்தைப் பார்த்தவர் கரையை உயர்த்தச் சொல்கிறார். இரண்டாவது வெள்ளத்தில் பயிரை இழந்தவர் வடிகாலைத் தூர்வாரச் சொல்கிறார். இவற்றோடு மூன்றாவதாக ஒரு நீரும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் ஏறும்போதும், புயல் நேரத்தில் கடல் பொங்கும்போதும் முகத்துவாரம் வழியாக உள்ளே தள்ளும் உப்பு நீர்.

எந்த நீர் என்று கண்டுபிடிப்பது எப்படி?

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள், வயலில் வேலை செய்யும் பெண்கள், மீன் பிடிப்பவர்கள் ஆகியோரை உட்கார வைத்து நான்கு விஷயங்களைக் கேட்டால் போதும்.

1. தண்ணீர் ஏறியபோது ஊரில் மழை பெய்ததா? மழையே இல்லாமல் ஏறியிருந்தால் அது ஆற்று நீர்.

2. எந்தப் பக்கமிருந்து ஏறியது? கரை பக்கமிருந்தா, வடிகால் பக்கமிருந்து பின்னோக்கியா, வயலிலேயே மெல்ல மெல்ல உயர்ந்ததா?

3. வடிந்த பிறகு என்ன மிஞ்சியது? வண்டல் படிந்திருந்தால் ஆற்று நீர். வண்டல் இல்லாமல் பயிர் மட்டும் அழுகியிருந்தால் தேங்கிய மழைநீர். வெயிலில் காய்ந்ததும் வெள்ளை பூத்திருந்தால் உப்பு நீர் வந்திருக்கக்கூடும். மண் பரிசோதனையில் அதை உறுதி செய்துகொள்ளலாம்.

4. வடிகாலில் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கியதா? அப்படியென்றால் கடல் ஏற்றம் வடிகாலை அடைத்திருக்கிறது.

சொன்னதை ஊர் வரைபடத்தில் மூன்று நிறத்தில் குறிக்க வேண்டும். வெள்ளம் நின்ற உயரத்தைப் பள்ளிச் சுவர், மின்கம்பம், மதகுத் தூண் என்று நான்கைந்து இடங்களில் பெயின்ட்டால் கோடு போட்டு, தேதியும் எழுதிவைக்கலாம். கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டத்தை வைத்து, எந்த இடம் எவ்வளவு தாழ்வு என்று ஒரு நாளில் பார்த்துவிடலாம். துறை அதிகாரி வரும்போது இந்த வரைபடம் கையில் இருந்தால் பேச்சு நேராக விஷயத்துக்கு வரும்.

பண்ணைக்குட்டை எவ்வளவு தாங்கும்?

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 2 லட்சம் கனஅடி நீர் ஒரு நாள் ஓடினால் 17 டி.எம்.சி.க்கும் மேல். வீராணம் ஏரியின் கொள்ளளவு 1.465 டி.எம்.சி. காலியான வீராணத்தை அந்த வெள்ளம் இரண்டு மணி நேரத்தில் நிரப்பிவிடும். ஆகவே ஆற்று வெள்ளத்தைக் கடைமடையில் குளம் குட்டை வெட்டித் தேக்கிவிடலாம் என்பது நடக்காத காரியம்.

மழைநீருக்கு வருவோம். ஒரு ஏக்கரில் 44 செ.மீ. மழை என்றால் ஏறத்தாழ 17.8 லட்சம் லிட்டர். 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் நேராக வெட்டிய குட்டையே 13.5 லட்சம் லிட்டர்தான் கொள்ளும். கரைச்சரிவைக் கழித்தால் இன்னும் குறையும். ஒரு ஏக்கர் மழைக்கே போதாது. கடற்கரை ஒட்டிய பகுதியில் நவம்பரில் நிலத்தடி நீர் மேலே நிற்பதால் குட்டை பாதி நிரம்பித்தான் இருக்கும். பண்ணைக்குட்டை நல்லதுதான். கோடையில் கால்நடைக்கும் நாற்றங்காலுக்கும் உதவும், மீன் வளர்க்கலாம், சாதாரண மழையில் கொஞ்சம் நீரைப் பிடித்துவைக்கும். ஆனால் அதை வெள்ளத் தடுப்பு என்று தீர்மானத்தில் எழுதி மற்ற வேலையை விட்டுவிடக் கூடாது.

கரையை உயர்த்தினால் என்ன ஆகும்?

ஆற்று நீர் கரை வழிந்து வந்த ஊருக்குக் கரையைப் பலப்படுத்துவது தேவை. அங்கேயும் உயரத்தை விட முதலில் பார்க்க வேண்டியது பலவீனமான இடங்கள். எலி, நண்டு வளை, மணல் அள்ளிய பள்ளம், மாடு ஏறி இறங்கித் தேய்ந்த தடம், பழைய மதகைச் சுற்றிய கசிவு ஆகியவற்றில்தான் உடைப்பு தொடங்கும்.

ஆனால் கரை ஒரு சுவர். வெளியிலிருந்து வரும் நீரைத் தடுப்பது போலவே உள்ளே விழுந்த மழையையும் வெளியே விடாது. நவம்பர் வெள்ளத்தில் மூழ்கிய ஊரில் கரையை மட்டும் உயர்த்தினால் தண்ணீர் இன்னும் இரண்டு நாள் கூடுதலாக நிற்கும். நட்டு இருபது நாளான தாளடிக்கு அந்த இரண்டு நாள்தான் உயிர். எனவே கரை வேலை கேட்கும் இடத்தில் எல்லாம் வடி மதகும் சேர்த்துக் கேட்க வேண்டும். வெளியே ஆற்று மட்டம் உயர்ந்தால் தானாக மூடிக்கொண்டு, தாழ்ந்தால் உள்நீரின் அழுத்தத்தில் தானாகத் திறக்கும் ஒருவழிக் கதவு கொண்ட மதகுகள் உண்டு. இரவில் ஷட்டர் இயக்க ஆள் இல்லாத இடங்களுக்கு இவை ஏற்றவை. ஓதம் ஏறும் வடிகாலுக்கும் இதே ஏற்பாடு உதவும். குப்பையும் கட்டையும் சிக்கினால் கதவு மூடாது என்பதால் பருவத்துக்கு முன் ஒரு முறை சுத்தம் செய்வது அவசியம்.

கரையை உயர்த்துவதால் எதிர்க்கரை ஊருக்கு என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் உயர்ந்தால் தண்ணீர் தாழ்ந்த பக்கத்தைத் தேடும். இரு கரை ஊர்களும் சேர்ந்து கேட்காத கரை வேலை, ஊர்களுக்கு இடையே பகையில்தான் முடியும். ராத்திரியில் கரையை வெட்டிவிட்ட கதைகள் டெல்டாவில் எத்தனையோ உண்டு.

தூர்வாருவது கீழிருந்து மேலாக

44 செ.மீ. மழையை நூறு ஏக்கரிலிருந்து மூன்று நாளில் வடிக்க வேண்டும் என்றால், வடிகால் இடைவிடாமல் நொடிக்குச் சுமார் 25 கனஅடி ஓட வேண்டும். இதில் மேல் ஊர்களிலிருந்து வந்து சேரும் நீர் கணக்கில் இல்லை. ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மூடிய வாய்க்காலில் இது நடக்காது. சாலை போடும்போது வைத்த சின்னக் குழாய்ப் பாலத்திலும் நடக்காது. வாய்க்கால் பத்து அடி அகலமாக இருந்து, குறுக்கே போகும் சாலையில் ஒற்றைக் குழாய் இருந்தால், அந்த வடிகாலின் அளவு அந்தக் குழாயின் அளவுதான். ஆகவே தூர்வாரும் முன் பாலங்களை எண்ண வேண்டும். வாய்க்காலை விடக் குறுகலான குழாய்ப் பாலங்களை அகலப்படுத்தக் கேட்பது பல ஊர்களில் தூர்வாருவதை விட அதிகப் பலன் தரும்.

இன்னொரு முக்கியமான விஷயம், வேலை தொடங்கும் இடம். பெரும்பாலும் எந்த ஊரில் குரல் பலமோ அங்கே பொக்லைன் இறங்குகிறது. மேல் ஊரில் வடிகால் சுத்தமாகி, கீழ் ஊரில் அடைபட்டே கிடந்தால், மேல் ஊர்த் தண்ணீர் முன்பை விட வேகமாக வந்து கீழ் ஊரில் நிற்கும். மேல் ஊருக்குத் தீர்வானது கீழ் ஊருக்கு வெள்ளமாகிவிடும். முகத்துவாரத்தில் மணல்திட்டை வெட்டிவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கித் தூர்வாரிக்கொண்டே வருவதுதான் சரியான முறை. சீர்காழி உப்பனாற்றில் விழும் வாய்க்கால்களுக்குத் திருமுல்லைவாசல் முகத்துவாரம்தான் வாசல். வாசல் அடைத்திருக்கும்போது வீட்டுக்குள்ளே எவ்வளவு பெருக்கினாலும் பயனில்லை.

காலமும் முக்கியம். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதை முன்னிட்டு ஏப்ரல், மே மாதங்களில் தூர்வாரும் பணி நடக்கிறது. அது பாசனத்துக்கான காலம். மே மாதம் சுத்தம் செய்த வடிகாலில் செப்டம்பருக்குள் ஆகாயத்தாமரை மறுபடியும் மூடிவிடும். வடிகாலுக்கு மட்டும் செப்டம்பர் கடைசியில் இரண்டாவது சுற்று வேண்டும். பெரிய வடிகால் நீர்வளத் துறையிடம் இருக்கும். வயல்வெளியில் ஓடும் சிறு வாய்க்கால்களை ஊரக வேலைத் திட்டத்தில் ஊராட்சியே எடுத்துச் செய்யலாம்.

படுகையில் இருப்பவர்கள்

வாசகர் கடைசியாகச் சொன்ன விஷயம் தீர்மானத்தில் முதலாவதாக வர வேண்டும். கரையை உயர்த்தினாலும் வடிகாலைத் தூர்வாரினாலும் படுகைக் குடும்பங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அவர்கள் இருப்பது கரைக்கு உள்ளே, ஆற்றின் பக்கம். கரை உயர்ந்தால் அவர்கள் பக்கம் தண்ணீர் ஏறுமே தவிர இறங்காது. மற்றவர்களுக்கு வெள்ளம் என்றால் பயிர் போகும். அவர்களுக்கு வீடும், ஆடுமாடும், சில நேரம் உயிரும் போகும். கிராம சபையில் கைகளை எண்ணினால் முப்பது குடும்பங்கள் தோற்றுவிடும். அதனால் இதை எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யக் கூடாது.

'அவர்கள் ஏன் அங்கே இருக்க வேண்டும்?' என்று கேட்பது சுலபம். படுகை மண்ணில்தான் அவர்களுடைய பூவும் காய்கறியும் விளைகிறது. பத்து மைல் தள்ளி வீடு கொடுத்தால் சில மாதத்தில் திரும்பி வந்துவிடுவார்கள். பிழைப்பு படுகையில் இருக்கும்போது வேறு வழி இல்லை.

நெதர்லாந்தில் இதே சிக்கலைத் தீர்த்த விதம் கவனிக்கத்தக்கது. 1995-ல் ஆற்று வெள்ள அபாயத்தால் அங்கே சுமார் 2.5 லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதன் பிறகு, கரையை மேலும் மேலும் உயர்த்துவதை மட்டும் நம்பாமல், ஆறு பரவ இடம் விடும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஓவர்டீப் என்ற தாழ்நிலத்தில் இருந்த பால்பண்ணை விவசாயிகள், தங்கள் நிலம் வெள்ளம் பரவும் இடமாகப் போகிறது என்று தெரிந்ததும், தாங்களே ஒரு யோசனை சொன்னார்கள். வீட்டையும் தொழுவத்தையும் உயரமான மண்மேடுகளின் மேல் கட்டித் தர வேண்டும், வயலில் வெள்ளம் வந்தால் வரட்டும் என்றார்கள். அப்படியே நடந்தது. எல்லோருக்கும் இடம் போதாததால் சில குடும்பங்கள் இழப்பீடு பெற்று வேறு ஊருக்குப் போனார்கள். அந்த நாட்டின் பணம் இங்கே கிடையாது. ஆனால் பாதிக்கப்படுகிறவர்களே யோசனை சொல்வதற்குப் பணம் தேவையில்லை.

கொள்ளிடத்தில் கேட்கக் கூடியவை இவை: கரைக்கு வெளியே, நடந்து போகும் தூரத்தில், மேடாக்கிய மனைக்குப் பட்டா, படுகை சாகுபடியைத் தொடர உறுதி, மேட்டில் பொதுவான மாட்டுக் கொட்டகையும் வைக்கோல் போர் இடமும், ஊராட்சிப் பொறுப்பில் ஒரு படகு. ஆற்று வெள்ளத்தில் ஒரு வசதி உண்டு. மேட்டூரில் திறந்த நீர் கடைமடை வந்து சேர நாள்கணக்கில் ஆகும். கீழணையில் இத்தனை ஆயிரம் கனஅடி விட்டபோது படுகையில் இந்த இடம் வரை ஏறியது என்று கல் நட்டுக் குறித்துவைத்தால், அடுத்த முறை அறிவிப்பைக் கேட்டவுடனே எந்த வீடு எப்போது கிளம்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். படுகைப் பயிரைத் தை மாதம் தொடங்கி ஆனிக்குள் அறுவடை முடியும்படி வைத்துக்கொண்டால் ஆடிப்பெருக்கு நேரத்து வெள்ளத்தில் இழப்பு குறையும்.

தீர்மானத்தை எப்படி எழுதுவது?

'வெள்ளத் தடுப்புப் பணிகள் செய்து தர வேண்டும்' என்று ஒரு வரியில் எழுதினால் அது கோப்பில் தூங்கும். வரிசைப்படுத்தி எழுத வேண்டும்.

முதலாவது, படுகைக் குடும்பங்களின் மனை, கொட்டகை, எச்சரிக்கைக் கல். அந்தக் குடும்பங்கள் தனியாகக் கூடிப் பேசிச் சொன்னதை அப்படியே சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, ஊர் வடிகாலின் பெயர், அதன் நீளம், அடைபட்ட இடங்கள், குறுகலான பாலங்களின் எண்ணிக்கை. கீழ் ஊர் ஊராட்சியும் இதே தீர்மானத்தைப் போட்டிருந்தால் அதன் நகலை இணைக்க வேண்டும். ஒரே வடிகாலில் இருக்கும் நான்கு ஊராட்சிகள் சேர்ந்து கேட்டால் துறை தட்டிக்கழிப்பது கடினம்.

மூன்றாவது, கரையின் பலவீனமான இடங்களும், அங்கே தேவையான வடி மதகுகளும்.

நான்காவது, பராமரிப்பு. எந்த ஷட்டருக்கு யார் பொறுப்பு, சாவி யாரிடம், செப்டம்பர் சுத்தம் யார் செய்வது என்பதைப் பெயரோடு எழுத வேண்டும்.

பண்ணைக்குட்டை தனியார் நிலத்து வேலை. விருப்பமுள்ள விவசாயிகள் வேளாண் பொறியியல் துறையில் தனியாகக் கேட்டுப் பார்க்கலாம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறினால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் சிறு வாய்க்கால் வேலையாவது தொடங்க நேரம் இருக்கும். அக்டோபர் 2-ல் போட்டால் அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும்.

குறுங்கேள்விகள்

கேள்வி: வெள்ளம் தாங்கும் நெல் ரகம் போட்டால் வடிகால் வேலை தேவையில்லை என்கிறார்களே?

பதில்: சுவர்ணா சப்-1, சி.ஆர்.1009 சப்-1 ஆகிய ரகங்கள் முழுவதும் மூழ்கினாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் தாங்கி, நீர் வடிந்ததும் மறுபடி தழைக்கும். சி.ஆர்.1009 சப்-1 ஏறத்தாழ 155 நாள் ரகம் என்பதால் சம்பாவுக்குத்தான் ஏற்றது, தாளடிக்கு அல்ல. முழங்கால் நீர் மாதக்கணக்கில் தேங்கும் நிலத்திலும், உப்பு நீர் ஏறும் நிலத்திலும் இந்தக் குணம் உதவாது. தண்ணீர் வடிந்தால்தான் இந்த ரகமும் பிழைக்கும். ரகமும் வேண்டும், வடிகாலும் வேண்டும்.

கேள்வி: நீர் வடிந்த பிறகு பயிர் மஞ்சளாக நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வயலில் நீரை முழுவதும் வடித்து, வேருக்குக் காற்று கிடைக்க விட வேண்டும். பிறகு ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் நீரில் கரைத்துக் கைத்தெளிப்பானால் இலைவழியாகத் தெளிக்கலாம். நீர் நிற்கும்போதே மேலுரம் போடுவது வீண். பயிர் காணாமல் போன இடங்களில், அதே ரகத்தின் குத்துகளைப் பிரித்து நடலாம்.

கேள்வி: பயிர்க் காப்பீட்டை எப்போது செய்வது?

பதில்: சம்பாவுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15 என்று அறிவிக்கப்படுகிறது. 2022-ல் சீர்காழியில் மழை கொட்டியது நவம்பர் 11. கடைசி வாரத்துக்குக் காத்திருக்காமல், நடவு முடிந்து அடங்கல் கிடைத்ததும் செய்துவிடுவது நல்லது. குத்தகை விவசாயிகள் சாகுபடிச் சான்றை முன்கூட்டியே கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்கிவைக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு அந்த அலுவலகத்தில் வரிசை நீளமாக இருக்கும்.